ஓய்பின் மலைக்கோட்டை: டிரெஸ்டனிலிருந்து ஒரே நாளில் முடியுமா?

பயணப்பை:
ஜெர்மனியில், செக் எல்லையை ஒட்டியுள்ள ஓய்பின் கோட்டை-மடத்துக்கு அக்டோபரில் அம்மாவோடு போகத் திட்டம். கார் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. ஏற்றம் எப்படி? மேலே பார்க்க என்ன மிச்சம் இருக்கிறது?

கரிவண்டி:
காலையிலேயே கிளம்பினால் தாராளமாக முடியும். டிரெஸ்டனிலிருந்து ஓய்பினுக்குப் பக்கத்து ஊரான சிட்டாவுக்கு ரயில். ஸ்டேஷனுக்கு வெளியே வந்தாலே எதிரே நீராவி ரயிலின் ஸ்டேஷன். தண்டவாள இடைவெளி 750 மி.மீ. மட்டுமே உள்ள குறும்பாதை, ஓய்பினுக்குச் சுமார் 12 கி.மீ., முக்கால் மணி நேரம். பெர்ட்ஸ்டோர்ஃபில் பாதை பிரிகிறது. கேட்காமல் உட்கார்ந்தால் யோன்ஸ்டோர்ஃபில் போய் இறங்குவீர்கள், அதனால் வண்டி மாற வேண்டுமா என்று ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள். அக்டோபர் அட்டவணையையும் முன்கூட்டியே பாருங்கள். கடைசி நீராவி வண்டி போய்விட்டால் சிட்டாவுக்கு பஸ்தான் கதி.

கல்தச்சன்:
மலை 514 மீட்டர் என்றாலும் ஊரே உயரத்தில் இருப்பதால் ஏற வேண்டியது கொஞ்சம்தான். ஆனால் செங்குத்து. ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைப் பதம் பார்க்கும். மணற்பாறைப் படிகள் தேய்ந்து நடுவில் குழிந்திருக்கும். மேலே உதிர்ந்த மணலும் ஈர இலையும் சேர்ந்தால் வழுக்கும். ரப்பர் அடிப்பாகமுள்ள ஷூ, ஊன்றுகோல் இரண்டும் அவசியம். மழை பெய்த மறுநாளாக இருந்தால் தள்ளிப்போடுங்கள்.

மேலே நேரம் ஒதுக்க வேண்டியது மடத்தின் தேவாலயத்துக்கு. புனித ரோமப் பேரரசர் நான்காம் கார்ல் இங்கே தனக்கு மாளிகை கட்டிக்கொண்டு, 1369இல் செலஸ்டின் என்ற கத்தோலிக்கப் பிரிவின் துறவிகளுக்கு மடமும் நிறுவினார். 16ஆம் நூற்றாண்டில், புராட்டஸ்டன்ட் சமயச் சீர்திருத்தக் காலத்தில் மடம் காலியானது. 1577இல் இடி விழுந்து எரிந்தது, 1681இல் பாறை சரிந்து இன்னும் இடிந்தது. இப்போது கூரை இல்லை. சுவரின் ஒரு பகுதி கட்டியதல்ல, பாறையைக் குடைந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் அடுக்கிய கல் எங்கே முடிகிறது, மலை எங்கே தொடங்குகிறது என்பது தெரியும். ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டாவிட் ஃப்ரீட்ரிக் வரைந்த இடிபாடு இதுதான்.

பயணப்பை:
நன்றி. அம்மாவால் முழுதும் ஏற முடியாவிட்டால்?

கரிவண்டி:
கோட்டைக்குப் போகும் வழியில், சரிவிலேயே, 18ஆம் நூற்றாண்டுச் சிறு தேவாலயம் ஒன்று உண்டு. உள்ளே தரையும் மலைச்சரிவுக்கு ஏற்றபடி படிப்படியாக இறங்கும். அதுவரை ஏறிப் பாருங்கள். முழங்கால் அதற்கே முரண்டு பிடித்தால் அம்மாவை அங்கே உட்காரவைத்துவிட்டு நீங்கள் மட்டும் மேலே போகலாம். கோட்டை நுழைவுச்சீட்டை அதற்குப் பிறகு வாங்கினால் போதும்.