புதுப்பிப்பு: முழங்கையில் கொத்துக் கொத்தாகக் கொப்புளம், தாங்காத அரிப்பு

அக்காவுக்கு வந்த இந்தத் தொல்லையைப் பற்றி தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "கொப்புளத்தில் வேண்டாம், அதை ஒட்டிய நல்ல தோலில் பயாப்சி (சோதனைக்குச் சிறு தோல் துண்டு) எடுக்கச் சொல்லுங்கள்" என்றவரின் யோசனைதான் கைகொடுத்தது. அதில் ஐஜிஏ என்ற எதிர்ப்புரதம் படிந்திருப்பது தெரிந்தது: டெர்மடைட்டிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ் என்ற தோல் நோய். கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் வருவது; அது சிறுகுடலையும் அரிக்கும். ஜி6பிடி என்ற நொதி குறைவா என்று ரத்தப் பரிசோதனை பார்த்த பிறகே (குறைந்தால் மருந்து ரத்தச் சிவப்பணுக்களை உடைக்குமாம்) டாப்சோன் மாத்திரை கொடுத்தார்கள். சில நாளிலேயே அரிப்பு அடங்கியது. ஆனால் அந்த மாத்திரை குடலைக் காக்காது, கோதுமையை விட்டே ஆக வேண்டும்.

ரொட்டி, ரவை, பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து குழம்பு நிரப்பிய டர்பன் உணவு) எல்லாம் நிறுத்தியும் கொப்புளம் எட்டிப் பார்த்தது. கடைசியில் பெருங்காயத் தூள்! டப்பாவின் பின்னால் பொடி எழுத்தில் கோதுமை மாவு என்றிருந்தது. இப்போது அரிசி மாவு கலந்ததை வாங்குகிறோம். தோல் மெல்லத் தேறுகிறது.