தண்ணீர் மீட்டருக்கு மூன்று வருடம்: எல்லோரும் சம்மதிக்கும் வரை காத்திருக்கத்தான் வேண்டுமா?

வேளச்சேரிவாசி:
எங்கள் குடியிருப்பில் 48 வீடு. லாரித் தண்ணீர்ச் செலவைச் சமமாகப் பிரிக்கிறோம், அதனால் இரண்டு பேர் இருக்கும் வீடும் ஆறு பேர் இருக்கும் வீடும் ஒரே தொகைதான் கட்டுகிறது. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்ததே, அப்போது எல்லோரும் மீட்டர் போட்டே ஆக வேண்டும் என்றார்கள், மழை பெய்ததும் மறந்துவிட்டார்கள். மூன்று வருடத்துக்கு முன் அந்த வேலையை நான் கையில் எடுத்தேன். மூன்று முறை கொட்டேஷன் வாங்கினேன். கூட்டத்தில் சரி என்று தலையாட்டுகிறார்கள், மறுநாள் காலை கூட்டத்துக்கே வராத ஒருவர் வாட்ஸ்அப்பில் "இன்னொரு கொட்டேஷன் பார்க்கலாமே" என்கிறார், எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. போன வாரம் இதற்கு மேல் முடியாது, ஓட்டெடுப்பு வைப்போம் என்றேன். உங்களுக்கு டீமாக வேலை செய்யத் தெரியவில்லை என்று என்னிடமே சொல்கிறார்கள். மனசு விட்டுப்போச்சு.

கணக்குப்பிள்ளை:
உங்கள் உழைப்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் நான் எங்கள் சங்கத்தில் ஆறு வருடம் பொருளாளராக இருந்தவன், தலையாட்டுவது வேறு சம்மதம் வேறு என்று அங்கே கற்றுக்கொண்டேன். பழைய கட்டடத்தில் வீட்டுக்கு ஒரே குழாயா வருகிறது? சமையலறைக்கு ஒன்று, ஒவ்வொரு குளியலறைக்கும் ஒன்று என்று மேல்தொட்டியிலிருந்து தனித்தனியாக இறங்குகிறது. அப்படியானால் வீட்டுக்கு மூன்று நான்கு மீட்டர். பென்ஷனில் வாழ்கிறவருக்கு அது ஒரே நேரத்தில் எவ்வளவு பெரிய தொகை! அதை நாலு பேர் முன்னால் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் அவர் இன்னொரு கொட்டேஷன் கேட்கிறார்.

வேளச்சேரிவாசி:
கூச்சம் என்றால் எனக்குத் தனியாக ஒரு போன் போட்டிருக்கலாம். 2003-ல் மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கினார்கள். அன்றைக்கு வீடு வீடாகப் போய்ச் சம்மதம் வாங்கிக்கொண்டிருந்தால் இன்றுவரை பாதி வீட்டில் குழி தோண்டியிருக்க மாட்டார்கள்.

பழைய பொறியாளர்:
அரசு போடும் சட்டமும் பக்கத்து வீட்டுக்காரர் போடும் ஓட்டும் ஒன்றல்ல. 1986 ஜனவரி 27 இரவு நடந்ததைப் பாருங்கள். சேலஞ்சர் விண்கலத்தின் பூஸ்டர் ராக்கெட்டைச் செய்த மார்ட்டன் தியோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள், ரோஜர் பாய்ஸ்ஜொலி உட்பட, குளிரில் ராக்கெட்டின் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் வளையங்கள் சரியாக அடைக்காது, சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று தொலைபேசிக் கூட்டத்தில் சொன்னார்கள். நாசா தரப்பு எரிச்சல்பட்டது. நிறுவனத்தின் மேலாளர்கள் தனியாகப் பேசி முடிவை மாற்றிக்கொண்டார்கள், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியைப் போடு என்று பொறியியல் துணைத் தலைவரிடமே சொன்னார்கள். மறுநாள் ஏவிய 73-வது விநாடியில் விண்கலம் சிதறியது, அதில் இருந்த ஏழு பேரும் இறந்துபோனார்கள். ஒத்துப்போகாதவரைத் தடை என்று நினைத்தால் அவர் கையில் இருக்கும் தகவலும் நம்மை விட்டுப் போய்விடும்.

வேளச்சேரிவாசி:
ஐயா, நீங்கள் சொன்னது எனக்குத்தான் சாதகம். அந்தப் பொறியாளர்கள் படங்களையும் அளவுகளையும் வைத்துப் பேசினார்கள், கூட்டத்திலேயே, வெளிப்படையாக. எங்கள் இடத்தில் எதிர்ப்பவர் காரணமே சொல்வதில்லை. அதோடு ஒத்துப்போ ஒத்துப்போ என்ற அழுத்தம் இங்கே என் மேல்தானே விழுகிறது?

மூன்றாம்மாடி:
நானும் என் மாமியாரும் மட்டும் இருக்கிற வீடு, லாரிக்குச் சமப் பங்கு கட்டுகிறோம். வேளச்சேரி அண்ணா சொல்வது எனக்கு வலிக்கிற இடம். பொறுமை பொறுமை என்று பேசுகிறீர்களே, இழுக்கிற ஒவ்வொரு மாதமும் அந்தப் பணம் எங்கள் கையிலிருந்துதான் போகிறது. முடிவு எடுக்காமல் இருப்பதும் ஒரு முடிவுதான், அதற்கு மட்டும் யாரிடமும் சம்மதம் கேட்கவில்லை.

கணக்குப்பிள்ளை:
நியாயம்தான் அம்மா, அந்தப் பக்கம் நான் யோசிக்கவில்லை. அப்படியானால் ஒன்று செய்யலாம். தொகையைப் பன்னிரண்டு தவணையாக்கி மெயின்டனன்ஸோடு சேர்த்து வாங்குங்கள், யாரால் முடியாது என்று செயலாளர் தனித்தனியாக வீட்டுக்குப் போய்க் கேட்கட்டும். அதற்கு அப்புறம் ஓட்டெடுப்பு வையுங்கள். கேட்காமல் வைத்தால் நான் எதிர்த்துத்தான் போடுவேன்.

வேளச்சேரிவாசி:
தவணைக்கு முழுச் சம்மதம், வீட்டுக்குப் போய்க் கேட்க நானே போகிறேன். ஆனால் கூட்டத்தில் எழுதிக் கையெழுத்து போட்ட முடிவை வாட்ஸ்அப்பில் திறப்பதற்கு இனி ஒத்துக்கொள்ள மாட்டேன். அதற்காக டீமுக்கு ஆகாதவன் என்று சொன்னாலும் சொல்லட்டும்.