701 வகை ரயிலில் ஏன் நீளவாட்டு இருக்கை மட்டும்?

கேள்வி:
ஜப்பானின் அகிதா பக்கம் போனபோது 701 வகை மின்ரயிலில்தான் ஊர் ஊராகச் சுற்றினேன். பெட்டியின் நீளத்துக்குப் போட்ட இருக்கையில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி மணிக்கணக்கில் உட்கார வேண்டியிருந்தது, வெளியே அவ்வளவு அழகான பனி. தொலைதூரத் தடத்துக்கு ஏன் இப்படி?

பதில் 1:
அது சுற்றுலாவுக்கான வண்டி இல்லைங்க. 1993-ல் வந்தது. அதுவரை என்ஜின் இழுத்த பெட்டிகள் ஓடிய தடங்களில், இரண்டு மூன்று பெட்டி மட்டுமே உள்ள இந்த ரயில்களை விட்டார்கள். காலையில் பள்ளிப் பிள்ளைகள் மொத்தமாக ஏறும்போது நிற்க இடம் வேண்டாமா? இரண்டு பெட்டி என்றால் நடத்துநர் இல்லாமல் ஓட்டுநர் ஒருவரே சமாளிக்கலாம், அப்புறம் நடுவில் வழி அகலமாக இருந்தால்தான் எல்லாரும் சட்டென்று இறங்க முடியும்.

பதில் 2:
உங்கள் வருத்தம் நியாயம்தான். ஆனால் கதவருகே உள்ள பொத்தானைக் கவனித்தீர்களா? குளிர்காலத்தில் ஏறுபவர்தான் அழுத்தித் திறக்க வேண்டும், உள்ளே சூடு வீணாகாது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அது.

பதில் 3:
மொரியோகாவிலிருந்து ஓமகாரி போகும் தசவாகோ தடத்தில் ஏறிப் பாருங்கள். அகிதா ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் ஓடுவதற்காக அந்தப் பாதையின் தண்டவாள இடைவெளியை 1,067 மி.மீ.யிலிருந்து 1,435 மி.மீ.க்கு அகலமாக்கினார்கள், அதற்கென்றே செய்த 701-5000 வண்டியில் ஜன்னலோரமாக எதிரெதிரே உட்காரும் குறுக்கு இருக்கைகளும் உண்டு.

கேள்வி கேட்டவர்:
அட, சரி! அடுத்த முறை அதில்தான்.