கம்ப்ரஸருக்கு நீட்ட வேண்டியது காற்றுக் குழாயை, மின்கம்பியை அல்ல

நண்பர் ஒருவர் வீட்டு கராஜுக்கு, காற்றை அழுத்தித் தொட்டியில் சேர்க்கும் 2 எச்.பி. கம்ப்ரஸர் வாங்கியிருந்தார். தொட்டி காலியாக இருக்கும்போது தடையின்றி ஓடிய மோட்டார், அழுத்தம் குறைந்து தானாக மறுபடி தொடங்க வேண்டிய நேரத்தில் மட்டும் உறுமிவிட்டு நின்றது, மின்னோட்டம் மிகுந்தால் இணைப்பைத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்சும் விழுந்தது. மோட்டார் பழுது என்றே முடிவு செய்திருந்தார். நான் முதலில் மின்சாரம் வரும் வழியைப் பார்த்தேன். வீட்டுக்குள் இருந்த ப்ளக்கிலிருந்து மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்று பாதி சுருளோடு கிடந்தது. அதன் மேலுறை தொட்டால் இளகும் அளவுக்குச் சூடாகியிருந்தது, ப்ளக்கின் ஒரு பின் பழுப்பேறியிருந்தது.

இவ்வகை மோட்டார் தொடங்கும் கணத்தில், வழக்கமாக ஓடும்போது இழுப்பதைப் போல 5 முதல் 7 மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். மெல்லிய, நீளமான வயரில் அந்நேரம் வோல்டேஜ் இறங்கிவிடும். 20 சதவீதம் இறங்கினாலே மோட்டாரின் சுழற்று விசை ஏறத்தாழ 64 சதவீதமாகிவிடுகிறது. எனினும் வயரை மட்டுமே குறை சொல்லிவிட முடியாது. மோட்டார் நின்றதும், அழுத்தத்தைப் பார்த்து அதை நிறுத்தித் தொடங்கும் பிரஷர் சுவிட்சிலிருந்து 'புஸ்' என்று காற்று வெளியேற வேண்டும். அந்தச் சத்தம் கேட்காவிட்டால், பிஸ்டனுக்கு மேல் சிக்கிய அழுத்தத்தை எதிர்த்தே மோட்டார் தொடங்க வேண்டியிருக்கும், எவ்வளவு தடித்த வயர் போட்டாலும் தீராது. இங்கே சத்தம் தெளிவாகக் கேட்டது.

நண்பர் எலக்ட்ரீஷியனை வரவழைத்து, மெயின் போர்டிலிருந்து தகுந்த தடிமனில் தனி லைன், மோட்டாரின் தொடக்க மின்னோட்டத்தைத் தாங்கும் சி வகை எம்.சி.பி., முறையான எர்த் ஆகியவற்றைப் போடச் செய்தார். கம்ப்ரஸரை அந்த ப்ளக்கின் அருகிலேயே வைத்துவிட்டு, வண்டி நிற்கும் இடம்வரை காற்றுக் குழாயை நீட்டினோம். குழாய் நீண்டால் அழுத்தம் சிறிது குறையும், அவ்வளவுதான். வயர் சூடேறினால் வீடே பற்றிக்கொள்ளக்கூடும். இதில் சமரசமே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பதில்: மேலே எழுதியவர் சொன்னது முற்றிலும் சரி. வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியதைப் பற்றி என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். எச்.பி.யையும் தொட்டியின் லிட்டரையும் பார்த்து வாங்குவோரே அதிகம். ஆனால் 90 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு பவுண்டு) அழுத்தத்தில் எத்தனை சி.எப்.எம். (நிமிடத்துக்குக் கன அடி) காற்று வெளியே வருகிறது என்பதே வேலையைத் தீர்மானிக்கிறது. விளம்பரத்தில் போடும் எண் பெரும்பாலும் பிஸ்டன் இழுக்கும் அளவு. கைக்கு வருவது அதைவிடக் குறைவு. டயருக்குக் காற்றடிக்கச் சிறியது போதும். நட்டுகளைக் கழற்றும் இம்பாக்ட் ரெஞ்சுக்கு 4 அல்லது 5 சி.எப்.எம். தேவை என்றாலும் அதை இடையிடையே நிறுத்தித்தான் இயக்குகிறோம், ஆகவே தொட்டி கைகொடுக்கும். தொடர்ந்து ஓடும் தேய்ப்புக் கருவியான சாண்டர் அப்படியல்ல; என் 2 எச்.பி. இயந்திரத்தில் அதை மாட்டியபோது, மோட்டார் ஓய்வே இல்லாமல் ஓடியும் அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. கார் பாகங்களைத் தேய்க்கவும் பெயிண்ட் அடிக்கவும் எண்ணுபவர்கள் பெரிய மோட்டாருக்கான லைனை வீட்டு இணைப்பு தாங்குமா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிட்டே கடைக்குப் போக வேண்டும். தொட்டியின் அடிவால்வைத் திறந்து, தேங்கிய நீரை வேலை முடிந்தவுடன் வடித்துவிடுங்கள். உள்ளிருந்து துரு அரித்த தொட்டி அழுத்தத்தில் வெடிக்கக்கூடும்.