ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அப்பா ஒடுங்கிப் போய்விட்டார், இது மூளையா மனசா?

மலர்_திண்டுக்கல்:

வணக்கம். அப்பாவுக்கு வயது 61. தை மாதம் மூளையின் இடது பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்து வலது கையும் காலும் இழுத்துக்கொண்டது. கால் தேறிவிட்டது, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். பேச்சு லேசாகக் குழறினாலும் புரிகிறது. கைதான் இன்னும் வரவில்லை. அப்பா தையல்காரர்.

இப்போது எங்களுக்குப் பெரிய கவலை கை இல்லை. பிசியோ பண்ண ஆள் வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். சாப்பாடு நாலு வாய்தான். விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து இருட்டில் உட்கார்ந்திருக்கிறார். "என்னால எல்லாருக்கும் தொந்தரவு" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். போன வாரம் பக்கத்து வீட்டு அண்ணன் வந்து "எப்படி இருக்கீங்க மாமா" என்று கேட்டதும் குலுங்கிக் குலுங்கி அழுதார், ஒரு நிமிஷத்தில் நின்றுவிட்டது, ஒன்றுமே நடக்காத மாதிரி தண்ணீர் கேட்டார். அம்மா மிரண்டு போய்விட்டார்.

பெரியப்பா, "அவனுக்கு மனசுல தெம்பு இல்ல, அவனா எழுந்தாத்தான் உண்டு" என்கிறார். இன்னொரு சொந்தக்காரர் மூளையே அடிபட்டுவிட்டது, இனி இப்படித்தான் என்கிறார். இதில் எது சரி? மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்தால் ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகளோடு ஒத்துப்போகுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கீழ்வானம்:

மலர், நான் மனநலப் பிரிவில் மருத்துவராக இருக்கிறேன். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது ஸ்ட்ரோக்குக்குப் பின் வரும் மனச்சோர்வு மாதிரி தெரிகிறது, நேரில் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். ஸ்ட்ரோக் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் இது வருகிறது, அத்தனை பேரும் தெம்பில்லாதவர்கள் இல்லை என்று பெரியப்பாவிடம் சொல்லுங்கள்.

மூளையா மனசா என்றால் இரண்டும்தான். நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் செரட்டோனின், நார்அட்ரினலின் போன்ற ரசாயனங்களை வெளியிடும் நரம்பிழைகள் மூளைத்தண்டிலிருந்து கிளம்பி, மூளையின் ஆழமான பகுதிகளைக் கடந்து முன்மூளைக்குப் போகின்றன. அடைப்பு இந்த வழியில் விழுந்தால் தூக்கம், பசி, ஆர்வம் எல்லாமே கலையலாம். காயத்தைச் சுற்றி உண்டாகும் அழற்சிக்கும் பங்கு இருப்பதாகக் கருதுகிறோம். ஆனால் "மூளை அடிபட்டது, இனி மாறாது" என்பது சரியில்லை. 1980களில் அமெரிக்காவில் ராபர்ட் ராபின்சன் என்ற மனநல மருத்துவர், இடது முன்மூளையில் அடிபட்டவர்களுக்கே மனச்சோர்வு அதிகம் வருகிறது என்று எழுதினார், பல காலம் அதையே பாடமாகப் படித்தோம். 2000இல் அதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்து அலசி லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியிட்டபோது அந்தத் தொடர்பு நிற்கவில்லை. அதனால் ஸ்கேனில் தெரியும் இடத்தை மட்டும் வைத்து யாரும் ஜோசியம் சொல்ல முடியாது. முன்பே மனச்சோர்வு இருந்ததா, உடல் எவ்வளவு முடங்கியது, கூட ஆள் இருக்கிறதா என்பவைதான் திரும்பத் திரும்ப முன்னுக்கு வருகின்றன. ஆயுசு முழுக்க கத்தரி பிடித்த கை படுத்துக்கிடந்தால் ஒருவருக்குத் துக்கம் வராமல் இருக்குமா, அதற்கு ஸ்கேன் எதற்கு?

அந்தத் திடீர் அழுகை தனி விஷயம். அழுகையைக் கட்டுக்குள் வைக்கும் நரம்பிணைப்புகள் பாதிக்கப்படுவதால், சின்னத் தூண்டலுக்கே பீறிட்டு வந்து சட்டென்று நின்றுவிடும். ஸ்ட்ரோக்குக்குப் பிந்தைய மாதங்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு இது இருக்கும். அந்த நேரத்தில் எல்லாரும் சுற்றி நின்று "ஏன் அழறீங்க" என்று கேட்காமல் பேச்சை வேறு பக்கம் திருப்புங்கள். ஆனால் சாப்பாடு குறைந்ததும், மூன்று மணிக்கு விழிப்பதும், தொந்தரவு என்று சொல்வதும் இந்த அழுகையில் சேராது, அது மனச்சோர்வின் முகம்.

"தொந்தரவு" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். தனியாக இருக்கும்போது, "சாகணும்னு தோணுதாப்பா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள், மாத்திரை டப்பா, பூச்சிமருந்து எதுவும் கைக்கு எட்டக்கூடாது, அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். எந்த நேரத்திலும் 14416க்கு அழைக்கலாம், டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், தமிழில் பேசுவார்கள்.

ராஜபாளையத்தான்:

டாக்டர் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை, ஆனால் மாத்திரை விஷயத்தில் அவசரப்படாதீங்க சகோதரி. எங்கள் அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்தபோது, மனசுக்கும் ஆச்சு, கை கால் சீக்கிரம் வரவும் உதவும் என்று சொல்லித்தான் ஒரு மாத்திரை எழுதினார்கள். கை ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நாளில் அம்மா ஒரே குழப்பமாகப் பேச ஆரம்பித்து, ரத்தம் எடுத்துப் பார்த்தால் உப்பு இறங்கியிருந்தது. மாத்திரையை மாற்றிய பிறகு சரியாகி, மனசும் தெளிந்தது. கெட்ட மாத்திரை என்று சொல்லவில்லை, என்ன எதிர்பார்ப்பது என்று யாருமே எங்களிடம் சொல்லவில்லை, அந்த ஆதங்கம் இன்னும் இருக்கிறது.

பிசியோ_கவிதா:

மலர், "பத்து தடவை கையைத் தூக்குங்க" என்றால் மனம் சோர்ந்தவர் திரும்பிப் படுக்கத்தான் செய்வார், தூக்கி என்ன ஆகப்போகிறது என்றுதான் அவருக்குத் தோன்றும். தொழிலின் வழியாக உள்ளே போங்கள். ஒரு பழைய சட்டைத் துணியை மேசையில் விரித்து, வலது கையைத் துணி நகராமல் மேலே வைக்கச் சொல்லி, இடது கையில் சாக்பீஸைக் கொடுத்துக் கோடு போடச் சொல்லுங்கள். கோடு கோணலாகத்தான் வரும், பரவாயில்லை. கடையில் வேறு யாராவது தைக்கிறார்கள் என்றால் காஜாவும் பட்டனும் நேராக விழுந்திருக்கிறதா என்று பார்க்கும் வேலையை அப்பாவிடம் விடுங்கள், அது அவர் கண்ணுக்கு மட்டுமே தெரிந்த வேலை. மனசு வரட்டும், அப்புறம் செய்யலாம் என்று காத்திருக்கக் கூடாது, செய்யச் செய்யத்தான் மனசு வரும், மனச்சோர்வுச் சிகிச்சையிலேயே இதற்கென்று ஒரு முறை இருக்கிறது. தினமும் ஆள் வைக்கச் செலவு கட்டவில்லை என்றால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோ செய்வார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

மலர்_திண்டுக்கல்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அப்பாவிடம் கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தோணுதும்மா, ஆனா பண்ண மாட்டேன்" என்றார். ராத்திரி நானும் அம்மாவும் கூடவே படுத்தோம், மாத்திரைகளை எடுத்துப் பூட்டிவிட்டேன். இன்று பத்து மணிக்கு மனநல மருத்துவரைப் பார்க்கப் போகிறோம். அங்கே என்ன சொல்ல வேண்டும்?

கீழ்வானம்:

கேட்டது பெரிய விஷயம் மலர். "பண்ண மாட்டேன்" என்று சொன்னாலும், அப்பா சொன்னதை அப்படியே முதலில் சொல்லுங்கள், மற்றதெல்லாம் அதற்கப்புறம். சாப்பிடும் மாத்திரை அட்டைகள் அத்தனையையும் எடுத்துப் போங்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்றவற்றோடு, செரட்டோனின் வழியாக வேலை செய்யும் மனச்சோர்வு மாத்திரை சேர்ந்தால் ரத்தக்கசிவு வாய்ப்பு கொஞ்சம் கூடும், அதனால் கொடுக்கவே கூடாது என்று இல்லை, தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆரம்பித்த சில வாரங்களுக்குள் ரத்தத்தில் சோடியம், அதாவது உப்பு, பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், ராஜபாளையத்து நண்பரின் அம்மாவுக்கு நடந்தது வயதானவர்களுக்கு நடக்கக்கூடியதுதான். கை வரும் என்பதற்காக மட்டும் யாராவது எழுதினால் வேண்டாம் என்று சொல்லலாம். பிரிட்டனில் ஸ்ட்ரோக் வந்த 3,127 பேருக்கு ஃப்ளூவாக்செடின் என்ற மனச்சோர்வு மாத்திரையையோ மருந்தில்லாத வெறும் மாத்திரையையோ 6 மாதம் கொடுத்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். உடல் மீள்வதில் வித்தியாசம் இல்லை, புதிதாக மனச்சோர்வு வருவது குறைந்தது, எலும்பு முறிவு கூடியது. சுவரைப் பிடித்து நடப்பவர் என்பதால் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மருந்தின் பலன் தெரியவே 2 முதல் 4 வாரம் ஆகும், நாலு நாளில் வேலை செய்யவில்லை என்று வீட்டில் யாரும் நிறுத்திவிட வேண்டாம். அதுவரை ராத்திரியில் ஒருவர் கூடவே படுத்துக்கொள்ளுங்கள்.