மழலையர் வகுப்பில் ஆண்கள்: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

மரப்பாச்சி:
மாண்டிசோரி முறை மழலையர் ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டுக் கோவையில் ஒரு தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. வகுப்பு எடுக்கிறேன். வேலையில் சேர்ந்த அன்றே தாளாளர், "பாத்ரூம் பக்கம் நீங்க போக வேண்டாம் சார், ஆயா பாத்துக்குவாங்க" என்றார். இந்த வாய்மொழிச் சட்டம் இத்துறையில் உள்ள ஆண்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான்; ஆண் என்றால் குழந்தையிடம் தவறாக நடந்துவிடுவானோ என்ற பயம்தான் காரணம். சென்ற மழைக்காலத்தில் ஒரு சிறுவன் வகுப்பிலேயே கால்சட்டையை நனைத்துவிட்டான். ஆயாவோ வேன் குழந்தைகளை இறக்கப் போயிருந்தார், பக்கத்து வகுப்பு ஆசிரியை விடுப்பு. அவன் பையிலிருந்த மாற்று உடையைக் கையில் பிடித்தபடி நான் கழிவறை வாசலில் நிற்க, அவன் உள்ளே ஈரத்தோடு நடுங்கிக்கொண்டு, "சார், பட்டன் வரல, சார், பட்டன் வரல" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஆயா வரும்வரை நான் வாசற்படியைத் தாண்டவில்லை. மறுநாள் அவனுடைய அம்மா, "இவ்வளவு நேரம் ஈரத்தோடவா விடுவீங்க?" என்று என்னிடம்தான் கேட்டார். தாளாளரைப் போய்க் கேளுங்கள் என்று சம்பளம் வாங்குகிறவன் சொல்ல முடியுமா?

கடுங்காப்பி:
மரப்பாச்சி அவர்களின் வருத்தம் நியாயமானது என்றாலும், தாளாளர் மேல் மட்டும் பழி போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் அளிக்காமல் இருந்தால் நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கும் தண்டனை உண்டு. அவர்கள் பயப்படத்தான் செய்வார்கள். பெண் குழந்தையைப் பெற்ற எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. ஆனாலும் ஒரு காட்சி மனத்தை விட்டுப் போகவில்லை. ஆண்டு விழா முடிந்ததும் என் மகள் மேடையிலிருந்து ஓடிப்போய் நடனம் சொல்லிக்கொடுத்த சாரின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவர் சட்டென்று இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, குழந்தையைப் பார்க்காமல், வரிசையாக உட்கார்ந்திருந்த பெற்றோர்களான எங்களைப் பார்த்தார். பக்கத்திலிருந்த என் மாமியார், "நல்ல பையன், கை படல பாரு" என்று பாராட்டினார்.

வடமராட்சியான்:
நான் நோர்வேயின் ஒஸ்லோவில் மழலையர் பூங்கா ஒன்றில் உதவியாளனாக இருக்கிறேன். ஒரு வயதுப் பிள்ளைகளுக்குப் பம்பர்ஸ் மாற்றுவதும் என் வேலைதான். ஆண், பெண் என்ற வேறுபாடின்றி எல்லோரும் காவல்துறைச் சான்றிதழ் கொடுத்த பிறகே பணியில் சேர முடியும். இங்கும் சந்தேகம் இல்லாமற் போகவில்லை. 1992இல் பியூங்ன் என்ற ஊரில் மழலையர் பூங்காப் பணியாளர் ஒருவர் மீது எழுந்த பாலியல் குற்றச்சாட்டு நாட்டையே உலுக்கியது. 1994இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. பணியாளர்களில் 20 விழுக்காட்டினர் ஆண்களாக இருக்க வேண்டும் என்பது அரசின் நெடுநாள் இலக்கு, இன்னும் எட்டப்படவில்லை. ஆனால் என்னைக் குத்தியது நோர்வேக்காரர் அல்லர். பிறந்தநாள் விழா ஒன்றில் பெரியப்பா, பந்தியில் எல்லோருக்கும் கேட்கும்படி, "உவன் வெள்ளைக்காரற்ற பிள்ளையளுக்குக் கழுவி விடுறான்" என்றார். சிரித்தவர்களில் இருவர் தங்கள் பிள்ளைகளை நான் வேலை செய்யும் அதே பூங்காவுக்குத்தான் அனுப்புகிறார்கள்.

ஓய்வுபெற்றவன்:
ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் நேர்காணல் குழுவில் இருந்தவன் நான். மழலையர் பயிற்சிக்கு விண்ணப்பித்து வந்த ஓர் இளைஞரிடம் என் சக உறுப்பினர், "வேற வேலை எதுவும் கிடைக்கலையா தம்பி?" என்று கேட்க, அந்த இளைஞர் மேசை மேல் வைத்த கோப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு வெளியேறினார். அவ்வளவுதான் என் கதை.

கடுங்காப்பி அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். போக்சோ சட்டம் குற்றவாளி ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை; எனவே ஆண் ஆசிரியரை வாசலில் நிறுத்துவதால் பள்ளி தன் கடமையை முடித்ததாக ஆகாது. மழலையர் கல்வியில் ஆண்கள் புதிதும் அல்லர். 1920இல் குஜராத்தின் பாவ்நகரில் பால மந்திர் என்ற மழலையர் பள்ளியைத் தொடங்கிய கிஜுபாய் பதேகா வழக்கறிஞராக இருந்தவர். குஜராத்திகள் அவரை மீசை வைத்த அம்மா என்றே அழைத்தார்கள். மாண்டிசோரி முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து பயிற்சி அளித்தபோது உடனிருந்து நடத்தியவர் அவருடைய மகன் மரியோ. மரப்பாச்சி தம்பிக்கு என் யோசனை: அந்த வாய்மொழி உத்தரவை எழுத்தில் கேளுங்கள். எந்தப் பணியாளரும் குழந்தையோடு தனித்திருக்கக் கூடாது என்ற விதியை ஆயாவுக்கும் சேர்த்தே போடச் சொல்லுங்கள். உடை மாற்றும் இடத்துக்கு இடுப்பளவுக் கதவு போதும், நிற்கும் பெரியவர் வெளியிலிருந்து தெரிவார். யார், எப்போது, எதற்காக உடை மாற்றினார் என்று பதிவேட்டில் குறித்து, அன்றைக்கே பெற்றோருக்குச் சொல்லிவிடுங்கள். சேர்க்கையின்போதே வகுப்பில் ஆண் ஆசிரியர் இருக்கிறார் என்பதைத் தெரிவித்துக் கையொப்பம் வாங்கலாம்.

மரப்பாச்சி:
ஐயா, எழுத்தில் கேட்டால் அடுத்த ஆண்டு என் இடத்தில் ஓர் ஆசிரியை இருப்பார்.

அங்கன்வாடி அக்கா:
எல்லோரும் பயத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். 1975இல் அங்கன்வாடித் திட்டம் தொடங்கியது முதல் பணியாளரும் உதவியாளரும் பெண்களே. எங்களுக்குத் தருவதை ஊதியம் என்றுகூட மத்திய அரசு சொல்வதில்லை, மதிப்பூதியம் என்கிறது. அந்தத் தொகைக்கு எந்த ஆண் வருவான் என்று முதலில் கேளுங்கள். உதவியாளர் வராத நாட்களில் என் கணவர்தான் முட்டை அவித்து உரிப்பார், எடை பார்க்கும்போது அழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொள்வார். ஊர்த் தாய்மார்கள் யாரும் அவரைச் சந்தேகமாகப் பார்த்ததில்லை, அண்ணன் என்றே கூப்பிடுகிறார்கள். ஒருநாள் மேற்பார்வையாளர் ஆய்வுக்கு வந்தபோது மட்டும், பாதி உரித்த முட்டையைத் தட்டிலேயே போட்டுவிட்டு, வழிப்போக்கர் போலத் திண்ணையில் போய் உட்கார்ந்தார். இடுப்பளவுக் கதவு என்கிறார் ஓய்வுபெற்ற ஐயா. எங்கள் மையத்துக் கழிவறையில் முதலில் தண்ணீர் வரட்டும்.