அம்மாவுக்குப் பதினாறு வயது

சித்திர ஆசிரியர், கிளிநொச்சி:

என்னிடம் படிக்கிற பிள்ளைகள் போர் முடிந்த 2009க்குப் பிறகு பிறந்தவர்கள். பங்கரையும் செல்லடியையும் பற்றிக் கேள்விப்பட்டது மட்டும்தான். ஆனால் அவர்கள் வீட்டு அல்பங்களும் 2009க்குப் பிறகுதான் தொடங்குகின்றன. அதற்கு முந்தியவை போரின் கடைசி நாள்களில் மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் கைவிடப்பட்டவை. அம்மாவும் அப்பாவும் இளம் வயதில் எப்படி இருந்தார்கள் என்று பார்க்க ஒரு படம் இல்லை.

ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்த மக்களைக்கொண்டு அவர்கள் இழந்த வீடுகளின் வரைபடத்தை நினைவிலிருந்து கீறுவித்தார். 2011இல் அது நூலாக வந்தது. வீட்டுக்கு அவர் செய்ததை நாங்கள் வயதுக்குச் செய்து பார்க்கலாமே என்று தோன்றியது. வீட்டில் கேட்டு, உங்கள் வயதில் இருந்த அம்மாவையோ அப்பாவையோ கீறிக்கொண்டு வாங்கோ என்றேன்.

சைக்கிள், குளக்கட்டு, நிவாரண வரிசை என்று பலதும் வந்தன. ஒரு பிள்ளையின் தாளில் வெள்ளைச் சீருடையும் இரட்டைப் பின்னலும் போட்ட பெண். கழுத்தில் பள்ளிக்கூட ரை, அதற்கு மேல் தாலி.

"பிடிச்சுக்கொண்டு போயிடுவினம் எண்ட பயத்தில பதினாறு வயசிலயே கட்டி வைச்சிட்டினம் சேர்."

கலியாணம் கட்டினால் விடுதலைப் புலிகள் இயக்கத்துக்கு ஆள் பிடிக்கமாட்டார்கள் என்று நம்பி, போரின் கடைசிக் காலத்தில் வன்னியில் எத்தனையோ வீடுகளில் நடந்ததுதான். சீருடையோடா தாலி கட்டினவ என்று கேட்டேன்.

"இல்லை சேர், சீலையோடதான். ஆனா அவவுக்குப் படிக்கத்தான் விருப்பம். அதான் ரெண்டையும் போட்டனான்."

கை அளவு பிசகியிருந்தது, நிழல் சரியில்லை. திருத்தச் சொல்ல மனம் வரவில்லை. நடந்ததையும் நடக்காமல் போனதையும் ஒரே உடம்பில் வைக்க அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் படிப்பிக்கிற பாடம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இனி இந்தப் படத்தைத்தான் காட்டுவேன்.

ஒரு தாய், மாங்குளம்:

சேர், எனக்குத் தாலி கட்டவில்லை, இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டுபோய்த் தலைமயிரைக் கட்டையாக வெட்டினார்கள். அப்போது பதினேழு வயது. 2009 மே மாதம் வெளியே வந்தபோது இராணுவத்துக்கு அது தெரியாமல் இருக்கத் தலையில் துணி சுற்றிக்கொண்டுதான் நின்றேன். உங்கள் பதிவை வாசித்துவிட்டு, என்னைக் கீறச் சொல்லி மகளிடம் கொப்பியைக் கொடுத்தேன். தோள்வரை மயிர் வைத்தாள். இல்லையடி, இடுப்புக்குக் கீழே இருந்தது என்றேன். நம்பாமல் பார்த்தாள். அழித்துப்போட்டுத் திரும்பக் கீறினாள்.

பிள்ளைகளின் படங்களைக் கண்காட்சிக்கு வைப்பீர்கள் என்றால் இதையும் சேருங்கள். என் பெயர் மட்டும் வேண்டாம்.